சீசன் முடிந்தாயிற்று, கோச் எதைப் படிப்பது?

கடைசி மேட்ச் முடிந்து கோல் வலையைக் கழற்றி வைத்த கையோடு கால்பந்துப் பயிற்சியாளர்களிடையே ஒரு கேள்வி கிளம்பும்: அடுத்த சீசனுக்குள் எதைப் படிக்கலாம்? பதிலாகப் பெரும்பாலும் ஒரு நீண்ட பட்டியல்தான் வரும். இருபது புத்தகம், எல்லாமே நல்ல புத்தகம். அதில் நான்கை வாங்கி, நான்கையும் பாதியில் மூடிவிட்டு, போன வருடத்து டிரில்களோடே முதல் நாள் பயிற்சிக்கு வந்து நிற்பவர்கள் அதிகம். எதைப் படிக்கலாம் என்று சொல்ல ஆள் உண்டு. எதை இந்த வருடம் தள்ளிப்போடலாம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

அதனால் இங்கே புத்தகங்களை வகை வகையாக வைத்து ஒப்பிடுகிறேன். என் மனதில் இருப்பது வேறு வேலை பார்த்துக்கொண்டே வாரத்துக்கு இரண்டு மூன்று செஷன் நடத்தும் பயிற்சியாளர். பள்ளி அணியோ கிளப் அணியோ, கூட ஓர் உதவியாளர் இருந்தாலே பெரிய விஷயம் என்ற நிலை. ஆய்வாளர், உடற்பயிற்சி நிபுணர் என்று படையே வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும்.

## முதலில் அளவுகோல்கள்

மைதானத்துக்கு வருமா? படித்தது அடுத்த சீசனின் முதல் இரண்டு வாரத்துக்குள் பயிற்சியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது பொழுதுபோக்கு. அதில் தப்பில்லை, ஆனால் பெயரை மாற்றி வைத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் அணிக்குப் பொருந்துமா? தினமும் பயிற்சி எடுக்கும் தொழில்முறை வீரர்களை வைத்து எழுதப்பட்டது, பள்ளி முடிந்து களைத்து வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே உட்காராது.

எவ்வளவு நேரம்? பக்கக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. சில புத்தகங்களை வேகமாகப் படித்துவிடலாம், செரிக்கத்தான் மாதக்கணக்காகும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? புத்தகத்தை மூடிய பிறகு அது உங்களிடம் கேட்கும் உழைப்பு, அது தரும் தவறான நம்பிக்கை, அது மாற்றச் சொல்லும் பழக்கங்கள் எல்லாம் இதில் சேர்த்தி. இந்த வகைப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைக் கற்றுத் தருபவர் கால்பந்துக்காரர் அல்ல, கூடைப்பந்துக்காரர். ஜான் வுடன், அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியோடு 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு சீசன்களில் பத்து முறை தேசியப் பட்டம் வென்றவர். சீசன் இல்லாத மாதங்களில் அவர் ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வார். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) என்றால் அந்த வருடம் ஃப்ரீ த்ரோ மட்டும்தான். கிடைப்பதையெல்லாம் படிப்பார், அதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வார். அந்த அளவு வென்றவரே ஒரு இடைவெளிக்கு ஒரு தலைப்பு என்று நிறுத்திக்கொண்டார் என்றால் நாம் ஆறு தலைப்பில் கை வைப்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

எனவே கடைக்குப் போகும் முன் போன சீசனில் எதனால் தடுமாறினோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "பயிற்சியில் செய்வதை மேட்ச்சில் செய்ய மாட்டேன் என்கிறார்கள்." "எதிரணி ஆட்டத்தை மாற்றினால் என்னிடம் பதிலில்லை." "எப்போதும் மூன்று பேர் காயத்தில்." "அணிக்குள் இரண்டு கோஷ்டி." எந்த வரி வருகிறதோ, அதுதான் வகையைத் தேர்ந்தெடுக்கும்.

| வகை | மைதானத்துக்கு வரும் வேகம் | வாசிப்புச் சுமை | மறைந்த செலவு |
|---|---|---|---|
| விதிப் புத்தகம் | உடனடி | மிகக் குறைவு | கிட்டத்தட்ட இல்லை |
| உத்தி, அதன் வரலாறு | மெதுவாக | அதிகம் | ஃபார்மேஷன் (வீரர்களை நிறுத்தும் அமைப்பு) மோகம் |
| பெரிய கோச்களின் கதை | மிக மெதுவாக | குறைவு | வென்றவர் சொல்லும் கதை |
| கற்பிக்கும் முறை | முதல் வாரமே | நடுத்தரம் | பழைய பழக்கத்தை விட வேண்டும் |
| எண்கள் | தரவு இருந்தால் மட்டும் | நடுத்தரம் | அரைகுறை முடிவுகள் |
| உடற்திறன், காயத் தடுப்பு | முதல் நாளே | குறைவு | சலிக்காமல் தொடர வேண்டும் |

## விதிப் புத்தகம்

இதை மற்றவற்றோடு போட்டிக்கே விட வேண்டியதில்லை. எது தேர்ந்தெடுத்தாலும் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். 1886 இல் உருவான சர்வதேச கால்பந்து சங்க வாரியம் 17 விதிகளையும் ஆண்டுதோறும் திருத்தி இலவசமாக வெளியிடுகிறது. திருத்தங்கள் வழக்கமாக ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும்.

"நடுவர் பார்த்துக்கொள்வார், எனக்கு எதற்கு?" என்று கேட்கலாம். 2019 இல் கோல் கிக் விதி மாறியது. அதுவரை பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேர்த்தி. அதற்குப் பிறகு, உதைத்துப் பந்து நகர்ந்தாலே போதும். கோல்கீப்பருக்கு இரண்டு பக்கமும் டிஃபென்டர்கள் ஏரியாவுக்குள்ளேயே வந்து நின்று பந்து வாங்கும் காட்சி அங்கிருந்துதான் பெருகியது. 2025 ஜூலை முதல் கோல்கீப்பர் பந்தை எட்டு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். உங்கள் கீப்பர் ஆட்டத்தை ஆறப்போடுவதற்காகப் பந்தை அணைத்துக்கொண்டு படுக்கும் பழக்கமுள்ளவர் என்றால் இது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

ஒரே ஒரு எச்சரிக்கை: சிறுவர் போட்டிகளில் பல விதிகளை மாற்றி நடத்துவார்கள். நீங்கள் ஆடும் போட்டியின் விதிமுறையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

## உத்தி, அதன் வரலாறு

இதில் முதலில் கைக்கு வருவது ஜொனாதன் வில்சன் 2008 இல் எழுதிய 'இன்வெர்ட்டிங் த பிரமிட்'. இரண்டு டிஃபென்டர் (பின்வரிசை), மூன்று ஹாஃப் (நடுவரிசை), ஐந்து ஃபார்வர்ட் (முன்வரிசை) என்று ஆடிய காலத்திலிருந்து அந்தப் பிரமிட் வடிவம் எப்படித் தலைகீழானது என்பதுதான் கதை.

இந்த வகையின் பலம், ஒவ்வொரு ஃபார்மேஷனும் ஏதோ ஒரு தலைவலிக்குக் கண்டுபிடித்த மருந்து என்று புரியவைப்பது. 1925 இல் ஆஃப்சைட் விதி தளர்ந்தது. ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் மூன்று எதிரணியினர் இருக்க வேண்டும் என்பது இரண்டாகக் குறைந்தது. கோல்கள் குவிந்தன. அதற்குப் பதிலாக ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன் நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்தார். ஆட்கள் நிற்கும் வடிவம் W, M எழுத்துகள் போலத் தெரியும் டபிள்யூ-எம் அமைப்பு நிலைபெற்றது. 1953 இல் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என்று வென்றபோது, ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்ட் ஹிடேகுட்டி முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி ஆடினார். அவரைத் துரத்திப் போனால் நடுவில் ஓட்டை, போகாவிட்டால் அவர் கையில் பந்து. அந்தத் தர்மசங்கடத்தில் இங்கிலாந்து டிஃபென்டர் தவிக்க, ஹிடேகுட்டி மூன்று கோல் அடித்தார். உங்கள் சென்டர்-பேக்கும் இதே கேள்வியோடு உங்களைத் திரும்பிப் பார்த்திருப்பார். பதில் சொல்ல இந்த வாசிப்பு உதவும்.

செலவு இங்கே கொஞ்சம் கூடுதல். புத்தகம் தடிமன், பெயர்கள் ஏராளம். அதைவிடப் பெரிய செலவு, படித்து முடித்ததும் வரும் கை அரிப்பு. மூன்று பேர் பின்வரிசையும், பந்து வைத்திருக்கும் எதிராளியை நெருக்கும் பிரெஸ்ஸிங்குமாகத் தாளில் அம்புக்குறி போடத் தோன்றும். பந்தை நிறுத்தவே இரண்டு டச் எடுக்கும் அணியில் அந்த அம்புக்குறிகள் தாளிலேயே இருந்துவிடும்.

இது யாருக்கு? பதினாறு பதினேழு வயதுக்கு மேற்பட்ட அணி, அடிப்படை ஓரளவு கைவந்தவர்கள், எதிரணி அமைப்பை மாற்றும்போது நீங்கள்தான் முழிக்கிறீர்கள் என்றால் இதை எடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் பயிற்சியாளர் இதை இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

## பெரிய பயிற்சியாளர்களின் கதை

விற்பனையில் முன்னால் நிற்பது இதுதான். விறுவிறுவென்று ஓடும். பயணத்தில் படிக்கலாம், படுக்கையில் படிக்கலாம். மைதானத்துக்கு வருவதுதான் குறைவு.

ஓர் உதாரணம். அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 முதல் 2013 வரை இருந்து 13 லீக் பட்டம் வென்றவர். தன் அனுபவங்களை 2015 இல் 'லீடிங்' என்ற புத்தகமாகத் தந்தார். அவர் அடிக்கடி சொல்லும் விஷயம் ஒன்று: அபர்டீனில் இருந்த நாளில் உதவிப் பயிற்சியாளர் வற்புறுத்தியதால் பயிற்சியை நடத்தும் வேலையை விட்டுக்கொடுத்து, ஓரமாக நின்று பார்க்கத் தொடங்கினார். பார்க்க ஆரம்பித்த பிறகுதான் யார் சோர்ந்திருக்கிறார், யாருக்கு வீட்டில் பிரச்சினை என்பதெல்லாம் கண்ணில் பட்டது என்கிறார். அருமையான பாடம். ஆனால் கோன் அடுக்குவது, பந்து எடுப்பது, விசில் ஊதுவது எல்லாமே நீங்கள்தான் என்றால் ஓரமாக நின்று பார்ப்பது எப்போது? இந்த இடத்தில்தான் இந்த வகை கைவிடுகிறது. அதிலிருந்து உங்கள் அளவுக்கு ஒன்றை நீங்களே வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும். செஷனில் கடைசிப் பத்து நிமிடம் வாயைத் திறக்காமல் ஆட்டத்தை மட்டும் பார்ப்பது என்பதுபோல.

மறைந்த செலவு: வென்றவர்கள்தான் புத்தகம் எழுதுகிறார்கள். அதே கண்டிப்பு, அதே பேச்சு, அதே முறையோடு தோற்றவர்களிடம் எந்தப் பதிப்பகமும் போய்க் கேட்பதில்லை. ஆகவே "அவர் இப்படிச் செய்தார், வென்றார்" என்பதில் நடுவில் உள்ள காற்புள்ளியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இந்த வகையில் வாங்குவதென்றால் வெளியிலிருந்து ஒருவர் ஒரு சீசன் முழுக்கக் கூடவே இருந்து எழுதியதை வாங்குங்கள். பயிற்சியாளர் பெப் குவார்டியோலா பயர்ன் மியூனிக்கில் கழித்த 2013–14 சீசனைப் பற்றி மார்ட்டி பெரார்னாவ் எழுதியது அப்படிப்பட்டது. ரியல் மாட்ரிட்டிடம் சொந்த மைதானத்தில் 0–4 என்று தோற்ற பிறகு, முன்னேறித் தாக்கும் அமைப்போடு இறங்கியது தன் பெரும் பிழை என்று குவார்டியோலாவே ஒப்புக்கொள்வது அதில் வருகிறது. பட்டம் வென்ற அத்தியாயங்களைவிட அந்தப் பகுதியில் கற்க அதிகம் இருக்கிறது.

அணிக்குள் உறவுச் சிக்கல், ஒழுங்குப் பிரச்சினை, அல்லது நீங்களே களைத்துப்போய் கோச்சிங் வேண்டுமா என்ற யோசனையில் இருக்கிறீர்கள் என்றால் இந்த வகை உதவும். மற்றபடி இது இரண்டாம் புத்தகம்.

## கற்பிக்கும் முறை

பட்டியல்களில் கடைசியில் வருவது, என் கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் வர வேண்டியது.

ஏனென்றால் நாம் செய்யும் வேலையே கற்பிப்பதுதான். 1974–75 சீசனில் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் வுடனின் பயிற்சியில் போய் உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் வகைபிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். ஆவேசப் பேச்சும் தட்டிக்கொடுத்தலும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். பாராட்டு வெகு குறைவு, வெறும் திட்டும் வெகு குறைவு. பாதிக்கு மேல், என்ன செய்வது, எப்படிச் செய்வது என்ற நேரடித் தகவல். தவறு நடந்தால் சரியானதைச் செய்து காட்டுவார், வீரர் செய்த தவறைச் செய்து காட்டுவார், மறுபடி சரியானதைச் செய்து காட்டுவார். எல்லாம் சில வினாடி. ஆட்டம் தொடரும்.

இப்போது நம் மைதானத்துக்கு வருவோம். இரண்டு வரிசை, நடுவில் பத்து மீட்டர், மாறி மாறி பாஸ். பத்து நிமிடத்தில் பந்து கோடு போட்டதுபோல் போகும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். மேட்ச்சில் அதே பிள்ளை எதிராளி மேல் பாஸ் போடுவான். அந்த டிரில்லில் அவன் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லையே? எங்கே போடுவது, எப்போது போடுவது என்பதை வரிசையே முடிவு செய்துவிட்டது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் அந்த நேரத்தில் நன்றாக வரும், பிறகு நிற்காது. கலந்து கலந்து செய்தால் அப்போது சொதப்பும், பிறகு நிற்கும். கற்றல் ஆய்வுகள் 1979 லிருந்து வெவ்வேறு விதமாகச் சொல்லிவரும் விஷயம் இது. நான்கு பேர் பந்தைக் காக்க, நடுவில் இரண்டு பேர் பறிக்கப் பார்க்கும் ரோண்டோ அசிங்கமாக இருந்தாலும் வரிசை பாஸை ஏன் வெல்கிறது என்பது இதைப் படித்தால் விளங்கும்.

சொற்களும் அப்படித்தான். "கணுக்காலை இறுக்கு, முட்டியை மடக்கு" என்று உடம்பின் மேல் கவனத்தைத் திருப்புவதைவிட "தூர போஸ்ட்டுக்குத் தாழ்வாக அனுப்பு" என்று பந்தின் மேல், இலக்கின் மேல் கவனத்தைத் திருப்புவது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது.

பள்ளி ஆசிரியர்களுக்கான நூல்களால் அறியப்பட்ட டக் லெமோவ் 2020 இல் பயிற்சியாளர்களுக்கென்றே எழுதிய 'த கோச்சஸ் கைட் டு டீச்சிங்' இந்த வகையில் நல்ல தொடக்கம். கால்பந்து உதாரணங்கள் நிறைய. கொஞ்சம் வகுப்பறை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

செலவைச் சொல்லாமல் விடக் கூடாது. முதல் சில வாரம் உங்கள் பயிற்சி முன்பைவிட மோசமாகத் தெரியும். ஓரத்தில் நிற்கும் பெற்றோரும் கிளப் பொறுப்பாளரும் "போன வருடம் ஒழுங்காக வரிசையில் நின்றார்களே" என்பார்கள். ஒவ்வொரு செஷனுக்கும் திட்டமிட நேரம் கூடும். அப்புறம், உங்கள் குரலையே போனில் பதிவு செய்து கேட்க வேண்டிவரும். அரை மணி நேரத்தில் எத்தனை முறை "கமான், கமான்" என்று கத்தியிருக்கிறோம், எத்தனை முறை பயனுள்ள ஒரு வாக்கியம் சொன்னோம் என்று எண்ணிப் பார்ப்பது இனிய அனுபவம் அல்ல. ஆனால் விதிப் புத்தகத்தையும் காயத் தடுப்புக் கையேட்டையும் விட்டால், வேறு எந்த வகையும் இவ்வளவு சீக்கிரம் மைதானத்துக்கு வந்து சேராது.

## எண்கள்

கிறிஸ் ஆண்டர்சன், டேவிட் சாலி இருவரும் 2013 இல் எழுதிய 'த நம்பர்ஸ் கேம்' படிக்கச் சுவையானது. அதன் வாதங்களில் நம் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது: கால்பந்தில் சிறந்த வீரரை இன்னும் மெருகேற்றுவதைவிட, மிகப் பலவீனமான வீரரைக் கொஞ்சம் தூக்கிவிடுவது அணிக்கு அதிகம் தரும். ஸ்டார் ஸ்ட்ரைக்கரோடு கூடுதல் நேரம் செலவழிக்கும் பழக்கமுள்ள கோச்கள் இந்த ஒரு அத்தியாயத்தையாவது படிக்கலாம்.

ஆபத்தும் இங்கேதான். சார்லஸ் ரீப் என்ற இங்கிலாந்துக்காரர் 1950 முதல் ஆட்டங்களை எண்ணிக் குறித்துவந்தார். சுமார் 80 சதவீதக் கோல்கள் மூன்று பாஸ் அல்லது அதற்குக் குறைவான நகர்வுகளில் வந்தன என்று கண்டார். ஆகவே பந்தைச் சீக்கிரம் முன்னால் அடி என்ற முடிவு பரவியது. ஆனால் அவர் தரவிலேயே மொத்த நகர்வுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்று பாஸுக்குள் முடிந்தவைதான். அப்படியென்றால் நீண்ட நகர்வுகள் தங்கள் பங்குக்கு மேல் கோல் தந்திருக்கின்றன! எண்ணியது சரி, வகுத்தது தவறு. வாழ்நாள் முழுக்க எண்ணியவருக்கே இப்படியென்றால் பதினெட்டு மேட்ச் தரவோடு நாம் என்ன முடிவுக்கு வர முடியும்?

கூடவே ஒருவர் உட்கார்ந்து ஷாட் எங்கிருந்து போனது, பந்தை எங்கே இழந்தோம் என்று குறித்துத் தர ஆள் இருந்தால் இந்த வகைக்குப் போகலாம். இல்லையென்றால் அடுத்த வருடம்.

## உடற்திறன், காயத் தடுப்பு

இங்கே புத்தகமே வேண்டாம், முதலில் ஒரு கையேடு போதும். ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப் கையேடு இலவசம். மூன்று பகுதி, 15 பயிற்சி, பழகிய பிறகு 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,892 வீராங்கனைகளிடம் இதைச் சோதித்த ஆய்வு 2008 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இதைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஹாம்ஸ்ட்ரிங்குக்கான (பின்தொடைத் தசை) நார்டிக் பயிற்சியும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு மாலை வாசிப்பு. செலவு என்பது ஒழுங்குதான். வாரத்துக்கு இரண்டு முறையாவது, சீசன் முழுக்க, ஷூட்டிங் ஆட அவசரப்படும் பிள்ளைகளை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டும். சீசன் நடுவில் விட்டுவிட்டால் பலன் இல்லை.

இதற்கு மேல் போக விரும்பினால் டச்சுப் பயிற்சியாளர் ரேமண்ட் வெர்ஹெய்யனின் பீரியடைசேஷன் (பயிற்சிச் சுமையைக் காலவாரியாகப் பிரித்தேற்றும்) முறையைப் படிக்கலாம். பெரிய ஆட்டம், நடுத்தர ஆட்டம், சிறிய ஆட்டம் என்று ஆறு வாரச் சுழற்சியில் ஆட்டத்தின் மூலமே உடற்திறனை ஏற்றுவது அவர் வழி. தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடும் பழக்கத்தைக் கேள்வி கேட்கும் என்பதற்காகவே படிக்கலாம். வாரத்துக்கு இரண்டே செஷன் உள்ளவர்கள் அட்டவணையை அப்படியே எடுக்காமல் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

## இரண்டில் ஒன்று என்று வந்தால்

உத்தியா, கற்பிக்கும் முறையா என்று தடுமாறினால்: போன சீசனில் நீங்கள் சொன்னதை வீரர்கள் செய்தும் தோற்றீர்களா, சொன்னதைச் செய்யாமல் தோற்றீர்களா? முதலாவது என்றால் உத்தி. இரண்டாவது என்றால் கற்பிக்கும் முறை. நேர்மையாகப் பார்த்தால் இரண்டாவதுதான் அடிக்கடி வரும்.

கோச்களின் கதையா, எண்களா என்றால்: உங்கள் சுபாவத்துக்கு எதிரானதை எடுங்கள். உணர்ச்சியில் ஆளை மாற்றுபவர் எண்களைப் படிக்கட்டும். தாளும் பேனாவுமாகவே திரிபவர் ஃபெர்குசன் மனிதர்களைப் பற்றிச் சொல்வதைப் படிக்கட்டும்.

எதுவுமே படிக்கத் தெம்பில்லை, சீசன் சாறு பிழிந்துவிட்டது என்றால் முதல் இரண்டு வாரம் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத எதையாவது படியுங்கள். பிறகு விதிப் புத்தகம், '11+' கையேடு இரண்டு மட்டும். இரண்டும் இலவசம், இரண்டும் முதல் நாளே மைதானத்துக்கு வரும். அந்த ஒரு வரிக் கேள்விக்கான புத்தகத்தைச் சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது எடுத்தாலும் போதும். இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு செஷன் திட்டம் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போனால் பாதிப் புத்தகத்தில் நின்றாலும் கையில் நான்கு செஷன் இருக்கும்.